பாட்டியின் ஊறுகாய் ஜாடி எங்கே போனது?

"உங்கள் வீட்டில் இருப்பதிலேயே ஆகப் பழைய பொருள் எது?" ஒரு காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் இப்படிக் கேட்டேன். அழைப்புகள் வந்தபடி இருந்தன. தோட்டத்திலிருந்து தூக்கி வந்த அம்மிக்கல் என்றார் ஒருவர். ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு என்றார் இன்னொருவர். கிள்ளானிலிருந்து பேசிய ஓர் அம்மா, "எங்க மாமியாரோட சீன ஜாடி ஒண்ணு இருக்குங்க. அரிசி போட்டு வச்சிருக்கேன்" என்றார்.

நிகழ்ச்சி முடிந்ததும் என் அம்மா அழைத்தார். "ஊரு ஜாடியெல்லாம் கேக்குறியே, நம்ம வீட்டு ஜாடிய மறந்துட்டியா?"

மறக்கவில்லை. செந்தூல் ரயில்வே குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது, சமையலறை மூலையில் மூடி போட்ட பெரிய பீங்கான் ஜாடி ஒன்று இருந்தது. இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பூக்கள், நடுவில் மயில் மாதிரி ஒரு பறவை, மூடியின் மேல் குட்டிச் சிங்கம். பாட்டி அதில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைப்பார். கல்யாணத்துக்கு முன் அவர் மலாக்காவில் ஒரு பாபா வீட்டில் துணி துவைத்து, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த தாத்தாவைக் கட்டிக்கொண்டு செந்தூலுக்குக் கிளம்பியபோது, அந்த வீட்டு நோன்யா அம்மா சீராகக் கொடுத்தது அந்த ஜாடி.

நான் நான்காம் ஆண்டு படிக்கும்போது அடுக்குமாடிக்கு மாறினோம். அங்கே இடம் போதாது என்றார்கள். 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லாரியில் பழைய நாளிதழ், உடைந்த மின்விசிறியோடு ஜாடியும் ஏறியது. எல்லாம் சேர்த்துப் பத்து வெள்ளி. தயிர்ப் பாத்திரத்தை மூடியிருந்ததால் ஜாடியின் மூடி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து மலாக்காவுக்குப் போனபோது, துன் டான் செங் லோக் சாலையில் உள்ள பாபா நோன்யா அரும்பொருளகத்துக்குள் நுழைந்தேன். அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது பாட்டியின் ஜாடியின் அண்ணனோ தம்பியோ! அதன் பெயர் கம்சேங். நான் மயில் என்று நினைத்தது பீனிக்ஸ் பறவை, பூ, பியோனி. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் பாபா குடும்பங்களுக்காகவே சீனாவின் ஜிங்டெசென் நகரில் செய்து கப்பலில் வந்தவை இவை. திருமணம், பிறந்தநாள் போன்ற நல்ல காரியங்களுக்கு இந்த வண்ணப் பாத்திரங்கள். துக்க நாளுக்கும் முன்னோர் வழிபாட்டுக்கும் நீலமும் வெள்ளையும். அப்படியானால் அந்த நோன்யா அம்மா பாட்டிக்குத் தந்தது கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு ஜாடி அல்ல. கல்யாணத்துக்கென்றே உரிய பாத்திரம்.

அன்று பிடித்தது எனக்கு இந்தப் பீங்கான் பைத்தியம்.

பைத்தியத்துக்கு முதல் வைத்தியம் சீக்கிரமே நடந்தது. ஒரு வார இறுதிச் சந்தையில் நீலப்பூ போட்ட கிண்ணம் ஒன்றை 350 வெள்ளி கொடுத்து வாங்கினேன். அடியில் ஆறு சீன எழுத்துகள். "காங்சி பேரரசர் காலம்" என்றார் விற்றவர். காங்சி ஆண்டது 1662 முதல் 1722 வரை. 300 ஆண்டுப் பழசு 350 வெள்ளிக்குக் கிடைக்குமா என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. செந்தூல் பசார் பக்கம் காப்பிக்கடை வைத்திருந்த சீன அங்கிள் ஒருவர் நாற்பது ஆண்டுகளாகச் சேகரிப்பவர். அவரிடம் பெருமையோடு காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கிண்ணம் அழகுதான் தங்காச்சி. ஆனா வயசு உன்னைவிடக் கம்மி."

அவர் சொல்லித் தந்த பாடங்களை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள். பாத்திரம் நிற்கும் வளையத்தில் பெரும்பாலும் மெருகு இருக்காது. உள்ளே இருக்கும் மண் அங்கேதான் தெரியும். பல காலம் புழங்கிய பாத்திரத்தில் தேய்மானமும் கீறல்களும் ஒழுங்கில்லாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். எல்லாக் கீறலும் ஒரே திசையில் ஓடினால் யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள்.

அரசர் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். முந்தைய பேரரசர் பெயரைப் பிந்தைய காலத்துக் குயவர்கள் எழுதுவது சீனாவில் நெடுநாள் வழக்கம். அதில் ஏமாற்று மட்டும் இல்லை; முன்னோர் கைவண்ணத்துக்குக் காட்டும் மரியாதையும் உண்டு. அடியில் ஆங்கில எழுத்தில் 'சைனா' என்று இருந்தால், அது பெரும்பாலும் 1890களுக்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1891இல் கொண்டுவந்த விதிதான் காரணம்.

விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல பீங்கான் மணிபோல ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாகச் சத்தமிடும்.

நோன்யா பாத்திரங்களின் வண்ணம் மெருகுக்கு மேலே தீட்டி, குறைந்த சூட்டில் இரண்டாம் முறை சுட்டது. இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் பூ போய்விடும். இந்த வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் புளிப்பான எதையும் இவற்றில் வைக்க வேண்டாம். பாட்டியின் எலுமிச்சை ஊறுகாயை நினைத்தால் இப்போது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது!

"சீனர்கள் சமாச்சாரத்தில் உனக்கு என்ன வேலை?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. அவர்களை நான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆசியக் கலை அரும்பொருளகத்துக்கு அனுப்பிவிடுவேன். உலகின் பெரிய கெண்டித் தொகுப்புகளில் ஒன்று அங்கே இருக்கிறது. மூக்கு வைத்த, கைப்பிடி இல்லாத நீர்ப்பாத்திரம். மலாய்க்காரர்களும் கெண்டி என்கிறார்கள், நாமும் கெண்டி என்கிறோம். கழுத்தைப் பிடித்துத் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு ஏற்றது. நம் தாத்தா பாட்டிகள் செம்பிலிருந்து அப்படித்தானே தண்ணீர் குடித்தார்கள்? இந்தக் கெண்டியைச் சீனக் குயவர்கள் பீங்கானில் செய்து நம் வட்டாரத்துக்கு அனுப்பினார்கள்.

தமிழ்நாட்டுக் கரையிலும் இதே கதைதான். ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது.

1817 மார்ச்சில் 'டயானா' என்ற கப்பல் சீனாவின் கேண்டனிலிருந்து மதராசுக்குப் போகும் வழியில் மலாக்கா அருகே மூழ்கியது. 1990களில் அதைக் கண்டுபிடித்து ஏறத்தாழ 24,000 பொருள்களை மேலே கொண்டுவந்தார்கள், பெரும்பாலும் பீங்கான். ஒரு பகுதியை நம் அரசாங்கம் விற்காமல் வைத்துக்கொண்டது. மற்றவை 1995இல் ஆம்ஸ்டர்டாமில் ஏறத்தாழ 30 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போயின. பங்குத் தொகையில் தகராறு வந்து, மீட்பு நிறுவனம் மலேசியாவுக்கு எதிராக அனைத்துலக நடுவர் மன்றம்வரை போனது. மதராஸ் கடைகளுக்குப் போயிருக்க வேண்டிய தட்டுகள் நம் கடலடியில் ஏறத்தாழ 175 ஆண்டுகள் கிடந்துவிட்டு, ஐரோப்பாவில் விலைபோயின.

அந்தத் தட்டுகளுக்கு அந்த விலை கிடைத்தது ஏன்? எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எங்கே மூழ்கியது என்று எல்லாம் தெரிந்திருந்ததும் ஒரு காரணம். "பாத்திரம் பாதி, அதோட கதை பாதி" என்பார் காப்பிக்கடை அங்கிள். எங்கள் ஜாடியை லாரியில் ஏற்றியபோது அதன் கதையை யாரும் கூட அனுப்பவில்லை. இன்று அது யார் வீட்டிலாவது இருந்தால், அவர்களுக்கு அது பெயர் தெரியாத ஒரு பழைய கம்சேங்.

சேகரிப்பது என்றால் பணம் கொட்ட வேண்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டு அலமாரியிலிருந்தே தொடங்கலாம். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பழைய பாத்திரங்களை மேலும் கீழும் படம் எடுங்கள். யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எந்த வீட்டுக் கல்யாணம் என்று பெரியவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். தெரியாதவர் வந்து விலை கேட்டால் அன்றே கொடுக்காதீர்கள். விவரம் தெரிந்த இருவரிடமாவது காட்டுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், 2005ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரியச் சட்டம் பற்றி முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாட்டியின் மூடியை அங்கிளிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இது அசல். ஆனா மூடி மட்டும்னா பெரிசா விலை போகாது" என்றார். விற்கக் கேட்கவில்லை என்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவை உட்கார வைத்து, மலாக்கா வீடு, நோன்யா அம்மா, செந்தூல் குடியிருப்பு என்று அவருக்கு நினைவிருக்கும் எல்லாவற்றையும் பதிவு செய்தேன். 40 நிமிடங்கள் ஓடியது. பாட்டி இருந்திருந்தால் இன்னும் எவ்வளவோ சொல்லியிருப்பார்.