தகாத சூழலில் தோரா ஓதலாமா? யூதச் சட்டம் கூறுவது என்ன?

யூதர்களின் புனித நூலான தோராவை இரவும் பகலும் கற்பது மதக் கடமையாகும். எனினும், ஆடையற்ற உடல் எதிரே தெரியும் இடத்தில் அதனை வாய்விட்டு ஓதுவதற்கு யூதச் சட்டம் தடை விதிக்கிறது.

உபாகமம் 23-ஆம் அதிகாரமே இதற்கு அடிப்படை. இஸ்ரவேலரின் பாளையம் தூய்மையாக இருக்க வேண்டும். அங்கு அநாகரிகமான எதையும் இறைவன் காணக் கூடாது என அது கூறுகிறது.

அதேவேளை, இந்தத் தடை பேச்சுக்கே உரியது; மனத்துக்குள் சிந்திக்கலாம் என்று டால்முட் தெளிவுபடுத்துகிறது. பொதுக் குளியல் கூடம், கழிப்பறை ஆகிய இடங்களில் சிந்திப்பதற்கும் அனுமதி இல்லை.

யோசேப் காரோ தொகுத்து, 1565-இல் வெனிஸ் நகரில் அச்சான 'ஷுல்கான் அரூக்' சட்டத் தொகுப்பு, கண்களை மூடிக்கொண்டும் ஓதலாம் என்கிறது. ஆனால், முழு நிர்வாணம் எதிரே இருந்தால் கண்ணை மூடுவது போதாது, திரும்பிக்கொள்ள வேண்டும் என்பது பிற்கால அறிஞர்கள் பலரின் கருத்து.

கடற்கரை, பேருந்து போன்ற பொது இடங்களிலும் கற்றலைக் கைவிட வேண்டியதில்லை. பார்வையை விலக்கும் பொறுப்பு ஓதுபவருக்கே உரியது என்பதே இச்சட்டத்தின் சாரம்.