வேலைக்குப் போக எந்த குரூசர் பைக்?

வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் குரூசர் பைக் கேட்கிறார்கள். தாழ்வான இருக்கை, நிமிர்ந்து உட்காரும் வசதி, ஆசையில் தவறில்லை. எடையையும் பாருங்கள் என்கிறோம். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 சுமார் 190 கிலோ; பஜாஜ் அவெஞ்சர் 160 சுமார் 156 கிலோ. நெரிசலில் நின்று நின்று கிளம்பும்போது எடை கூடினால் பெட்ரோலும் கூடும்.

தினம் 30 கி.மீ. வீதம் 25 நாளுக்கு 750 கி.மீ. லிட்டருக்கு 30 கி.மீ. ஓடும் வண்டிக்கு 25 லிட்டர் வேண்டும். 45 ஓடினால் 17 லிட்டர் போதும். மிச்சமாகும் 8 லிட்டர் பணம் மாதாமாதம் வீட்டுக்கு ஆகும்.

விளம்பர மைலேஜை நம்பாமல் ஓட்டுபவரிடம் கேளுங்கள். வாங்கும் முன் பிள்ளை உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னால் தள்ளிப் பார்க்கட்டும். திணறினால், அந்த வண்டி வேண்டாம்.