உப்பளத் தண்ணீர் சிவப்பது ஏன்? பாத்திக்குள் நடக்கும் பந்தி!

தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் கோடையில் போனவர்கள் கவனித்திருக்கலாம். உப்பு விளையும் பாத்திகளில் சில நேரம் தண்ணீர் இளஞ்சிவப்பாகத் தெரியும். சாயக்கழிவோ என்று பயப்பட வேண்டாம். அது நுண்ணுயிர்களின் நிறம்!

கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவிகிதம்தான். வெயிலில் நீர் வற்றி, அது 25 சதவிகிதத்தைத் தாண்டும்போதுதான் சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். அவ்வளவு உப்பில் சாதாரணக் கிருமிகளின் உடல்நீர் வெளியேறி, அவை செத்துவிடும். ஊறுகாய் கெடாமல் இருப்பதும் இதனால்தான்.

ஆனால், டுனாலியெல்லா என்ற ஒற்றைச்செல் பாசி தப்பித்துக்கொள்கிறது. உடலுக்குள் கிளிசராலைத் தயாரித்து நிரப்பிக்கொண்டு, நீர் வெளியேறாமல் பார்த்துக்கொள்கிறது. சோப்பிலும் இருமல் மருந்திலும் சேர்க்கப்படும் அதே கிளிசரால்தான். பாசியிலிருந்து கசிவதும், அது செத்த பிறகு வெளியேறுவதும் தண்ணீரில் கலக்கின்றன.

அங்கே தொடங்குகிறது பந்தி. உப்பை விரும்பும் ஆர்க்கியா வகை நுண்ணுயிர்களுக்கு இந்தக் கிளிசரால்தான் முக்கிய உணவு. சலினிபாக்டர் என்ற பாக்டீரியா, கிளிசராலில் ஒரு பகுதியை வேறொரு பொருளாக மாற்றி வெளியே விடுகிறது. அதை, சதுர வடிவில் இருக்கும் ஹாலோகுவாட்ராட்டம் சாப்பிடுகிறது. ஒருவர் மிச்சம் வைத்தது இன்னொருவருக்கு விருந்து!

இவை பெருகும்போது தண்ணீர் சிவக்கிறது. சாக்கடலில் 1992-ல் இதுதான் நடந்தது. பெருமழையால் மேல்மட்ட நீரின் உப்பு குறைய, முதலில் பாசி பெருகியது. அடுத்து ஆர்க்கியா பெருகி, கடலே சிவந்தது.

உப்பளத்துக்கு இதனால் லாபம்தான். சிவப்பு நீர் வெயிலை அதிகம் உறிஞ்சிச் சூடாகும். நீர் சீக்கிரம் வற்றும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உப்பு நடுத்தரமாக உள்ள முந்தைய பாத்திகளில், நீலப்பச்சைப் பாசிகள் வழவழப்பான பசையைச் சுரக்கும். அளவோடு இருந்தால், தரையோடு படிந்து நீர் பூமிக்குள் இறங்காமல் தடுக்கும். கழிவுநீர் போன்ற சத்து மிகுந்த நீர் கலந்தாலோ, சுரப்பு எல்லை மீறும். உப்பு ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் குறைவதால், அத்தனை பசையையும் நுண்ணுயிர்களால் சிதைத்துத் தீர்க்க முடியாது. நீர் கொழகொழப்பாகி, உப்பு பெரிய பரல்களாக விளையாமல் பொடியாக, அழுக்கோடு விளையும்.

உப்பு வாருபவர்களின் உழைப்புக்குப் பலன் கிடைக்க வெயில் மட்டும் போதாது. பாத்திக்கு வரும் நீரும் சுத்தமாக இருக்க வேண்டும்.