முகத்தின் அடியில் நிகழும் மாற்றம்

முதுமை என்றதும் நரையும் திரையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. தோல் சுருங்கிச் சதை தளர்வதனால் முகம் மாறுகிறது என்று எண்ணி அத்துடன் விட்டுவிடுகிறோம். ஆனால், அந்தத் தோலையும் சதையையும் தாங்கி நிற்கும் எலும்புகளே ஆயுள் முழுவதும் சிறிது சிறிதாகத் தம் வடிவத்தை மாற்றிக்கொண்டு வருகின்றன என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. எலும்பு ஜடப்பொருள் அன்று. பழைய எலும்பை அரித்தெடுக்கும் உயிரணுக்களும், அவ்விடத்தில் புதிய எலும்பை உண்டாக்கும் உயிரணுக்களும் அதனுள் இடைவிடாமல் தொழில்புரிகின்றன. இளமையில் சமநிலையில் இருக்கும் இவ்விரு தொழில்களில், வயது ஏறஏற அரிப்பின் கை ஓங்குகிறது.

இந்த அரிப்பு முகமெங்கும் ஒரே அளவாக நிகழ்வதில்லை என்பதுதான் வியக்கத்தக்கது. கண்குழியின் மேல் விளிம்பில் மூக்கை ஒட்டிய பகுதியும், கீழ் விளிம்பில் காதுப்பக்கத்துப் பகுதியும் மற்ற இடங்களைவிட அதிகமாகத் தேய்வதால் குழி அகன்று, கீழ் இமைக்கடியில் பை தொங்குவதுபோன்ற தோற்றம் ஏற்படுகிறது. மேல்தாடை எலும்பு பின்வாங்குவதால் கன்னத்துச் சதை ஆதாரத்தை இழந்து சரிய, மூக்கிலிருந்து வாயோரம் வரை ஓடும் மடிப்பு ஆழமாகிறது. நாசித்துவாரத்து எலும்பு விளிம்பு விரிந்து பின்செல்ல, மூக்கின் நுனி தாழ்கிறது. 2011-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷா முதலிய மருத்துவர்கள் 60 ஆண்களையும் 60 பெண்களையும் சி.டி. ஸ்கேன் படங்களின் துணைகொண்டு ஆராய்ந்தபோது, இருபாலாரிடமும் மாற்றத்தின் திசை ஒன்றாகவே இருக்கக் கண்டனர்.

ஆயினும், ஸ்திரீகளுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜென் குறைவதால் சரீரமெங்கும் எலும்பு தேயும் வேகம் மிகுகிறது. அதற்கு முகமும் விலக்கன்று. ஜனசமூகங்களுக்கிடையிலும் வேற்றுமை உண்டு. தொடக்ககால ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சத்தாரையே அளந்தவை. ஆப்பிரிக்க வம்சத்து அமெரிக்கரிடம் எலும்பின் அடர்த்தி சராசரியாக அதிகம் என்பதும், அவர்களுடைய முக எலும்புகள் மெதுவாகவே தேய்கின்றன என்பதும் பிற்பாடுதான் கவனத்துக்கு வந்தன. மண்டையோட்டை அளந்து மனிதரை உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்று வகுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் அபத்தத்துக்கும் இவ்வாராய்ச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். இங்கு அளக்கப்படுவன தேய்மானத்தின் வேகமும் இடமுமே.

கீழ்த்தாடையைப் பொறுத்தவரையில், பாலையும் வம்சத்தையும்விடப் பல்லே பெரிய காரணம். பற்களைத் தாங்கும் எலும்பு மேடு பற்களுக்காகவே இருப்பது. பல் போனபின் மெல்லும் அழுத்தம் அதன் வேர் வழியாக இறங்குவதில்லையாதலால் அந்த மேடு கரையத் தொடங்குகிறது. பொய்ப்பல் அணிந்தவர்களைச் சுமார் 25 ஆண்டுகள் அளந்து ஆன்ட்யே டால்கிரென் 1972-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, கீழ்த்தாடை மேட்டின் இழப்பு மேல்தாடையினதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று காட்டிற்று. உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு வெளிவரும் துவாரம் இளமையில் மேட்டின் உச்சிக்கு வெகு கீழே இருப்பது. மேடு கரையக்கரைய அத்துவாரம் ஏறக்குறைய உச்சிக்கே வந்துவிடுவதால், முதியவர் சிலர் பொய்ப்பல்லை அழுத்திக் கடிக்கும்போதெல்லாம் நேராக அந்த நரம்பிலேயே வலியை உணர்கின்றனர்.