வேலையும் உரிமையும்



கண்டி மாநகரிலிருந்து மலையேறிச் செல்லும் பாதையில் கலஹா என்னும் சிற்றூர் இருக்கிறது. அதற்கு அணித்தாயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் என்னும் துரை 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையில் வாணிபத்துக்கெனத் தேயிலை வளர்ந்த முதல் மண் அதுவே. அந்தத் தேயிலைத் தொழிலைத் தோளில் சுமந்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த எளிய மக்கள்.

குடிபெயர்ந்து வருவோர் புகுந்த நாட்டின் வாழ்வோடு ஒன்றுவதற்கு முதலில் வேலை வேண்டும் என்பர். நம் மலைநாட்டுத் தொழிலாளர்க்கோ வந்த நாளிலேயே வேலை காத்திருந்தது. அப்படியிருந்தும் நூறாண்டுக்கு மேலாக அவர்கள் ஒதுங்கியே வாழ நேர்ந்ததேன்?

முதற் காரணம் கடன். கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பற்றில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல 'துண்டு' வேண்டும். இன்ன தொகை செலுத்தப்பட்டால் இவரை விடுவிப்போம் என்பதே அத்துண்டின் வாசகம். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கடன் மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே விழும். துரை மாறினார், தளை மாறவில்லை. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழிசெய்தது.

இரண்டாவது காரணம் குடியுரிமை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். நாடற்றவர்க்கு அரசாங்க உத்தியோகம் ஏது? தோட்டத்துக்கு வெளியே கதவுகள் அடைபட்டன. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக்கியது. எஞ்சியோரின் நிலை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களாலேயே தீர்ந்தது.

மூன்றாவது காரணம் கல்வி. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத் தொடங்கிய பின்னரே, கொழுந்துக் கூடையன்றி வேறு தொழிலும் உண்டு என்பதை ஏழைப் பிள்ளைகள் கண்டனர். இன்று அப்பிள்ளைகளிற் பலர் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் விளங்குகின்றனர்.

ஆயினும் ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை. பாடசாலையிற் சேர வரும் பிள்ளையிடம் நிரந்தர முகவரி கேட்டால், தோட்டத்தின் பெயரையும் லயத்தின் இலக்கத்தையுமே சொல்லுகிறது. லயத்து அறை தோட்டத்துக்கு உரியது. வீட்டில் ஒருவரேனும் தோட்டத்திற் பேர் போடாவிட்டால் கூரை போய்விடுமோ என்ற அச்சம் பல குடும்பங்களில் உண்டு. மகன் கண்டியிற் கடைக்குப் போனாலும் தாய் மலையேறியே ஆகவேண்டும். அன்று கடன் செய்த வேலையை இன்று கூரை செய்கிறது!

அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியுடன் தனி வீடுகள் அமைக்கும் திட்டங்கள் தொடங்கியது இதனாலேயே முக்கியமாகிறது. தன் பெயரில் ஒரு துண்டு நிலம் உள்ளவனே விரும்பிய தொழிலை நாடவும், பிடிக்காத தொழிலை விடவும் முடியும். வேலை கொடுப்பது மட்டும் ஒருவரை நாட்டோடு சேர்ப்பதாகாது. வேலையை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுப்பதே சேர்ப்பதாகும்.