யாரும் காணாத ஓர் அடி

விளையாட்டுக்களில் நடுவர் இல்லாமலே நடப்பவை சில உண்டு. அவற்றுள் ஒன்று கோல்ப். பரந்த புல்வெளியில் பதினெட்டுக் குழிகள்; சிறு வெண்பந்தை மட்டையால் அடித்து, ஒவ்வொரு குழியிலும் அதை விழச்செய்ய வேண்டும். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். பொழுதுபோக்காக ஆடுவோர் தம் அடிகளைத் தாமே எண்ணித் தாமே அட்டையில் குறிக்கின்றனர். பந்து புதருக்குள் போய்விட்டால், அங்கே எத்தனை முறை மட்டை வீசப்பட்டது என்பதை ஆடியவரும் அவர் மனச்சான்றுமே அறியும்.

இவ்வாட்டத்தின் வரலாற்றில் 1925ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று மறக்கவொண்ணாதது. அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் ஆடினார். அவர் பந்தை அடிக்க ஆயத்தமானபோது, நீண்ட புல்லில் கிடந்த பந்து சற்றே அசைந்தது. வேறு எவரும் அதைக் காணவில்லை. ஆயினும் தமக்குத் தாமே ஓர் அடி தண்டனை விதிக்க வேண்டுமென அவர் வற்புறுத்தினார். விளைவு? நான்கு சுற்றுக்களின் முடிவில் அவரும் வில்லி மக்பார்லேனும் சமநிலையில் நின்றனர். பின்னர் நடந்த தீர்வு ஆட்டத்தில் ஒரே அடியில் ஜோன்ஸ் தோற்றார். அந்த ஓர் அடியை அவர் மறைத்திருந்தால் வெற்றி முன்னரே அவருடையதாயிருக்கும். 1955 முதல் சிறந்த விளையாட்டுப் பண்புக்கென அமெரிக்க கோல்ப் சங்கம் வழங்கும் விருது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆனால் நம் போன்ற எளிய மனிதரின் சோதனை வேறுவிதமானது. நாம் துணிந்து பொய் சொல்வதில்லை. சிறிது சிறிதாக நம்மை நாமே நம்பவைக்கிறோம். முதல் அடி பிழைத்தால், “கை இன்னும் பழகவில்லை” என்று சொல்லி மீண்டும் அடிக்கிறோம். இதற்கு “மல்லிகன்” என்று ஒரு செல்லப் பெயரும் உண்டு. குழிக்கு இரண்டடித் தூரத்தில் பந்து நின்றால், “இது எப்படியும் விழும்” என்று கையில் எடுத்துக்கொள்கிறோம். ஓங்கிய மட்டை பந்தைத் தொடாமற்போனால், அதைப் பயிற்சி வீச்சு என்கிறோம். விதியின்படி அதுவும் ஓர் அடியே. ஆட்டம் முடியும்போது அட்டையில் 89 என்றிருக்கும், உண்மையோ 97.

நண்பர்கள் கூடி இச்சலுகைகளுக்கு இசைந்து ஆடினால் அதில் வஞ்சகம் இல்லை. அந்த எண்ணையே உண்மையான எண்ணாக வெளியே சொல்லும்போதுதான் பிழை பிறக்கிறது. கோல்பில் “ஹேண்டிகாப்” என்னும் ஏற்பாடு உண்டு. வல்லவரும் எளியவரும் சமமாக மோதும் வண்ணம், எளியவருக்குச் சில அடிகள் கழித்துக் கொடுப்பதே அது. 2020 முதல் நடைமுறையிலுள்ள உலக முறைப்படி, கடைசி இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டைக்கொண்டு இது கணக்கிடப்படுகிறது. வேண்டுமென்றே அடிகளைக் கூட்டி எழுதுவோன் பிறருக்குரிய வெற்றியைத் திருடுகிறான். குறைத்து எழுதுவோனோ தனக்குரிய சலுகையை இழந்து, பந்தயம்தோறும் தோற்று, தோல்வியின் காரணம் புரியாமல் திகைக்கிறான். தன்னை ஏமாற்றுவோன் தன் கையாலேயே தண்டனை பெறுகிறான் அன்றோ!

1968ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டீனாவின் ராபர்ட்டோ டி விசென்சோ பதினேழாம் குழியை மூன்றே அடிகளில் முடித்தார். உடன் ஆடியவர் தவறுதலாக நான்கு என எழுதிவிட்டார். அதைக் கவனியாமல் டி விசென்சோ கையொப்பமிட்டார். விதிப்படி கூடுதலான எண்ணே நிலைத்தது. ஓர் அடியில் அவர் வாய்ப்பை இழந்தார். எனினும் தம்மையன்றிப் பிறரை அவர் குறைகூறவில்லை. கையொப்பம் என்பது, “இதற்கு நானே பொறுப்பு” என்று சொல்வதன்றி வேறென்ன?

பெற்றோரே, நம் பிள்ளைகள் கேரம் பலகையின் முன் அமர்ந்திருக்கும்போது இதை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையை உடனுக்குடன், வாய்விட்டுச் சொல்லி எழுதப் பழக்குங்கள். நேரம் கடந்த கணக்கில் ஆசை கலந்துவிடும். ஐயம் எழுந்தால் தனக்குப் பாதகமான எண்ணையே கொள்ளச் சொல்லுங்கள். தோற்றும் உண்மை சொன்ன பிள்ளையை வென்ற பிள்ளைக்கு முன்னே பாராட்டுங்கள். விளையாட்டில் தன் கணக்கை நேராக எழுதக் கற்றவனுக்கு, நாளை கடையிலும் அலுவலகத்திலும் கணக்கேட்டைத் திறந்து காட்ட அச்சமிராது.