மேடுபள்ளத் தளங்களில் மாறிவரும் பாரந்தூக்கி: ஓட்டுநர்கள் அறிய வேண்டியவை

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ்: 1881 தீ விபத்துக்கும் வெள்ளத்துக்கும் பின் கோலாலம்பூரைக் கட்டியெழுப்ப செங்கல் சுட்ட இடம் பிரிக்பீல்ட்ஸ். இன்று கட்டுமானத் தளங்களில் செங்கற்களை அடுக்கோடு தூக்கி வைப்பது பாரந்தூக்கி.

கிள்ளான் கிடங்குகளில் ஓடும் சாதாரணப் பாரந்தூக்கிக்குச் சமதரை வேண்டும். மழை பெய்த மண்ணில் அதன் சிறிய சக்கரங்கள் புதைந்துவிடும். இதற்குத் தீர்வாக 1958இல் பிரான்சின் மனிட்டு நிறுவனம், டிராக்டரை மாற்றியமைத்துப் பெரிய சக்கர பாரந்தூக்கியை உருவாக்கியது. அது சுமையை நேர் மேலே மட்டுமே தூக்கும்.

1977இல் பிரிட்டனின் ஜேசிபி, நீளும் கை கொண்ட 'லோடால்' இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. டெலிஹேண்ட்லர் எனப்படும் இவ்வகை, பள்ளத்தைத் தாண்டியும் மாடியிலும் சுமையை வைக்கும். முள்கரத்தைக் கழற்றி வாளியோ கொக்கியோ மாட்டலாம். ஒரே இயந்திரம் பல வேலை செய்வதால் குத்தகையாளர்கள் இதையே நாடுகின்றனர்.

எரிபொருள் செலவும் கணக்கில் வருகிறது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தது. மின்கலத்தில் இயங்கும் டெலிஹேண்ட்லர்களும் இப்போது விற்பனையில் உள்ளன.

இயந்திரம் மாறினால் ஆபத்தும் மாறும். கை மடங்கியிருக்கையில் 3 டன் தூக்கும் இயந்திரம், கை முழுதும் நீண்டால் 1 டன்னையே தாங்கலாம். அதை மீறினால் முன்பக்கமாகக் கவிழும். கிடங்கில் பல ஆண்டு ஓட்டிய அனுபவம் மட்டும் இதற்குப் போதாது.

வேலைக்குச் சேரும் நம் இளைஞர்கள் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: இந்த வகை இயந்திரத்துக்கே பயிற்சி தரப்படுமா? ஓட்டுநர் அறையில் சுமை அட்டவணை உள்ளதா?